பிரான்ஸில் நம்ம மிஷின்

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு ரூம் இருக்கிறது. சட்டப்படி அது இருக்கக் கூடாது. ஆனால் நெய்வேலி நகரியத்தில் இப்படிப் பின்னால் ஒரு ரூம் இழுத்துக் கட்டாத வீட்டை எனக்குக் காட்டுங்கள், பார்க்கலாம். அந்த ரூமில்தான் சைமன்ராஜ், அவன் மனைவி லூசியம்மாள், மகள் ஜெனிஷா மூன்று பேரும் பல வருஷமாகக் குடியிருக்கிறார்கள். யாராவது கேட்டால் சொந்தக்காரர்கள் என்று சொல்லுவோம். நாங்கள் நெற்றியில் விபூதி பூசுகிறவர்கள், அவர்கள் வாசலில் மாதா படம் மாட்டியிருக்கிறது. அப்படியும் இதுவரை யாரும் அடுத்த கேள்வி கேட்டதில்லை.

சைமன் மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. சுரங்கத்துக்குள் ஓடுகிற கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியை வாரி மறுபடியும் பெல்ட்டில் போட வேண்டும், அதுதான் வேலை. சொல்லும்போது சின்ன வேலை மாதிரித் தெரியும். மே மாத வெயிலில் அந்தக் குழிக்குள் ஒரு நாள் நின்று பார்த்தால்தான் தெரியும். பெல்ட் சத்தத்தில் கத்திக் கத்தி அவனுக்குத் தொண்டையே அப்படி ஆகிவிட்டது. எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிற என்னிடமும் அடுத்த பிளாக்குக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவான். சொந்த ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டே காலத்தை ஓட்டியவர்கள். எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தக் குடும்பத்தில் ஒரு பிடி மண் இருந்ததில்லை.

அதனால்தானோ என்னவோ, இங்கே வந்த பிறகு அவனுக்கு எல்லாமே ‘நம்ம’. நம்ம மைன்ஸ், நம்ம பவர் ஹவுஸ், நம்ம மிஷின். என் வீட்டுக்காரர் செல்வகுமார் பெர்மனென்ட், சங்கத்திலும் பொறுப்பில் இருக்கிறார். இத்தனை காலம் சம்பளம் வாங்கியும் அவர் வாயில் ஒரு நாள்கூட ‘நம்ம’ வந்ததில்லை. ‘கம்பெனிக்காரன்’ என்றுதான் சொல்லுவார். கேட் பாஸ் எப்போது நிற்குமோ என்று தெரியாத சைமன்தான் ‘நம்ம, நம்ம’ என்று மார்தட்டுவான். எனக்கு அதைக் கேட்டால் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் எரிச்சல் வரும்.

மிஷின் என்றால் தையல் மிஷின் இல்லை. மண்ணை வெட்டி எடுக்கிற பக்கெட் வீல். ஒரு பெரிய சக்கரம், அதைச் சுற்றி வாளிகள், ஒவ்வொரு வாளிக்குள்ளும் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். தூரத்திலிருந்து பார்த்தால் நாலு மாடிக் கட்டடம் ஒன்று தானாக நகர்ந்து போகிற மாதிரி இருக்கும். சைமன் அதை ஓட்டுகிறவன் இல்லை. அதில் ஏறியதுகூட இல்லை. ஆனால் ஜெனிஷா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளை சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து, சுரங்கம் தெரிகிற மேட்டுக்கு அழைத்துப் போவான். “அதோ பாரு பாப்பா, நம்ம மிஷின்” என்று காட்டுவான். ஸ்கூலில் படம் வரையச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் இரண்டு மலையும் நடுவில் ஒரு சூரியனும் வரையும். இவள் பக்கெட் வீல் வரைந்துவிட்டு வருவாள்.

ஜெனிஷா கன்னியர் நடத்துகிற ஸ்கூலில் பிளஸ் ஒன் படித்தாள். லூசிக்கு அந்த மடத்துச் சமையலறையில் வேலை, அதனால் பீஸ் இல்லை. தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுத்திருந்தாள். பிரெஞ்சின் மேல் ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை, மார்க் வரும் என்று எடுத்ததுதான். பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து அவள் நெட்டுருப் போடுவதைக் கேட்டுக் கேட்டு, ‘என் குடும்பம்’ கட்டுரை எனக்கே பாதி வரும். ஸ்கூலில் முதல் மார்க் அவள்தான்.

அந்த மடத்துக்காரர்களுக்குப் பிரான்ஸின் வடக்குப் பகுதியில் ஒரு ஸ்கூல் இருக்கிறது. அங்கேயிருந்து சில பிள்ளைகள் இங்கே வந்து தங்குவார்கள், இங்கேயிருந்து சிலர் அங்கே போவார்கள். வீடுகளில் தங்கி, அந்த வீட்டு மனிதர்களோடு பேசிப் பழகி மொழி கற்றுக்கொள்ள வேண்டும். இந்த வருஷம் ஜெனிஷாவை அனுப்புவது என்று சிஸ்டர்கள் முடிவு செய்தார்கள். டிக்கெட் செலவு முழுக்க அவர்களே பார்த்துக்கொண்டார்கள். அதே சமயத்தில் சைமனுக்கும் ஒரு நல்ல செய்தி வந்தது. கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பெர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள், இன்டர்வியூவுக்கு அவன் பெயரும் வந்திருக்கிறது என்றார்கள். பதினாறு வருஷக் காத்திருப்பு. லூசிக்குத் தலைகால் புரியவில்லை. “மகளுக்கு பிரான்ஸ், அப்பனுக்குப் பெர்மனென்ட்! மாதாவே, ஒரே மாசத்துலயா?” என்று அழுதாள். சைமனுக்கு வயதும் ஏறிக்கொண்டே போகிறது, இந்தத் தடவை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. பின்பக்க ரூமை விட்டு அவர்கள் சொந்தப் பெயரில் ஒரு குவார்ட்டர்ஸுக்குப் போவதென்றால் இது ஒன்றுதான் வழி.

சைமன் பண்ருட்டிக்குப் போய் நல்ல முந்திரியாகப் பார்த்து வாங்கி வந்தான். நான் எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கொடுத்தேன். பிள்ளை விமானம் ஏறினாள்.

இனிமேல் நான் சொல்லுவது சிலது அவள் போனில் சொன்னது, சிலது வந்த பிறகு சொன்னது. அந்த வீட்டில் அம்மா பெயர் சில்வி, அப்பா பெயர் தியெரி, இவள் வயதில் மனோன் என்று ஒரு பெண். வாசலில் கால் வைத்ததும் மூன்று பேரும் கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தம் கொடுத்தார்களாம். தியெரி குனிந்தபோது இவள் பயந்துபோய் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் அவர்கள் பேசியதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. இத்தனை மார்க் வாங்கியது என்ன பாஷையில் என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் எழுந்து நின்று ‘என் குடும்பம்’ கட்டுரையை ஒரே மூச்சில் ஒப்பித்தாளாம். அவர்கள் கை தட்டினார்கள். அன்று ராத்திரி பாத்ரூமில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

அடுத்த அதிர்ச்சி அந்த பாத்ரூமில்தான். சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு அதன் அடியில் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். கதவைத் தட்டினார்கள். இவள் ரூமை விட்டு வெளியே வந்தால் தியெரி பின்னாலேயே போய் லைட்டை அணைப்பார். ஹீட்டரைக் குறைப்பார். வீட்டுக்குள்ளேயே எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஒரு நாள் சில்வி அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மெதுவாக, குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி, உங்கள் வீட்டில் கரன்ட் பில் வராதா என்று கேட்டிருக்கிறாள். இவளுக்கு முகம் சிவந்துபோயிற்று. என்ன செய்வாள் பாவம்? எங்கள் ஊரில் ஸ்விட்ச் என்று ஒன்று இருப்பது போடுவதற்குத்தான். எங்களுக்குச் சம்பளத்தில் ஏதோ பிடிப்பார்கள், அதை நான் உற்றுப் பார்த்ததே இல்லை. பின்பக்க ரூமுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒயர் போகிறது. அந்தப் பெண் பிறந்ததிலிருந்து கரன்ட் பில் என்று ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை.

இதைப் போனில் சொன்னபோது சைமனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னாம்மா இது, ஒரு லைட்டு போடறதுக்கா இவ்ளோ? நீ வா பாப்பா. நம்ம வூட்ல அத்தினி லைட்டையும் போட்டுகினு உக்காந்து படி. நான் வாரிப் போடற கரிதானே எரியுது?”

அந்த ஊர் ஒரு பழைய சுரங்க ஊர் என்று ஜெனிஷா கண்டுபிடித்தது அதற்குப் பிறகுதான். யாரும் சொல்லவில்லை. தெருவில் நடந்து போகும்போது ஒரே மாதிரி செங்கல் வீடுகள், ஒரே மாதிரி ஜன்னல், எங்கள் நகரியத்து பிளாக்குகள் மாதிரியே வரிசை வரிசையாக. தெருக் கடைசியில் கருப்பாக ஒரு மேடு, அதன் மேல் புல். “இது எந்த பிளாக்?” என்று மனோனிடம் கேட்டிருக்கிறாள். அவளுக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து தியெரியிடம், எங்கள் ஊரும் சுரங்க ஊர், இப்படித்தான் இருக்கும் என்று திக்கித் திணறிச் சொன்னதும் அவர் அப்படியே நின்றுவிட்டாராம். அவருடைய அப்பா அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இந்த வீடே கம்பெனி கொடுத்த வீடுதான். சுரங்கத்தை மூடிப் பல வருஷம் ஆகிறது என்றார்.

“சுரங்கத்த மூடுவாங்களா ஆன்ட்டி?” என்று என்னிடம் கேட்டாள். குரலே சரியில்லை. “அப்புறம் அங்க இருந்தவங்கல்லாம் எங்க போனாங்களாம்?”

எனக்கு என்ன தெரியும்? பக்கத்தில் இருந்த சைமன் சிரித்தான். “சும்மா சொல்லிகினு இருக்காங்க. மைன்ஸ மூடிட்டா லைட்டு எப்படி எரியும்?”

அந்த வாரத்துச் சனிக்கிழமைதான் எல்லாம் கெட்டது. மனோன் அவளைப் பக்கத்து நகரத்துக்கு ஒரு ஊர்வலத்துக்கு அழைத்துப் போனாள். பூமியைக் காப்பாற்றுவதற்காக என்று மட்டும் இவளுக்குப் புரிந்தது. எல்லாம் ஸ்கூல் பிள்ளைகள். மேளம், பாட்டு, முகத்தில் பச்சைப் பெயின்ட். நம் ஊர் தேர்பவனி மாதிரி இருந்தது என்றாள். கூட்டத்தோடு நடந்து ஒரு மைதானத்துக்குப் போனார்கள். அங்கே இரண்டு கம்பத்துக்கு நடுவில் பெரிய துணி பேனர் ஒன்று கட்டியிருந்தது.

பேனர் முழுக்க பக்கெட் வீல்.

வீட்டை விட்டு வந்து இரண்டு வாரம். பேசினால் புரியவில்லை, சாப்பிட்டால் உறைக்கவில்லை, குளித்தால் கதவைத் தட்டுகிறார்கள். அந்த நேரத்தில், கடல் தாண்டி இவ்வளவு தூரத்தில், அப்பா சைக்கிளில் கூட்டிப்போய்க் காட்டிய மிஷின் கண் முன்னால் நிற்கிறது. நீங்களோ நானோ அங்கே இருந்தால் என்ன செய்திருப்போம்? இவள் கத்திக்கொண்டு ஓடியிருக்கிறாள். தமிழிலேயே கத்தியிருக்கிறாள். “நம்ம மிஷின்! எங்க அப்பா மிஷின்!” பேனருக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து, சொந்த வீட்டைக் காட்டுகிற மாதிரி காட்டி போட்டோ எடுத்துக்கொண்டாள். மிஷினுக்கு மேலே பெரிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை. அடித்துச் சொல்லுகிறேன், பார்க்கவே இல்லை. எடுத்த கையோடு அப்பாவுக்கு அனுப்பிவிட்டாள்.

சைமன் அந்த போட்டோவை ஸ்டேட்டஸ் வைத்தான். “பிரான்ஸ் நாட்டிலும் நம்ம மிஷின். என் மகள் ஜெனிஷா” என்று கீழே எழுதினான். அது போதாதென்று கூட வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் தனித்தனியாக அனுப்பினான். எனக்கும் வந்தது. நானும் சந்தோஷப்பட்டு நாலு பேருக்கு அனுப்பினேன். பிளாக் குரூப்பில் பூவும் கைத்தட்டலுமாக வந்து குவிந்தது.

மறுநாள் காலை இளவழகன் வந்தான். சைமனுடைய கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே என்னிடம் போனை நீட்டினான்.

“சந்திராக்கா, இந்த பேனர்ல என்னா எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?”

“எனக்கெங்கடா பிரெஞ்சு தெரியும்?”

“போனைக் காட்டுனா அதுவே தமிழ்ல சொல்லுது. பாருங்க.”

பார்த்தேன். ‘பழுப்பு நிலக்கரி கொல்கிறது. சுரங்கங்களை மூடு.’ அதற்குக் கீழே எங்கள் ஜெனிஷா, வாயெல்லாம் பல்லாக, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள்.

அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரில் எந்த அடுப்பு எரிந்தாலும் அது அந்தக் குழியிலிருந்து வந்த சோறு. அதை மூடு என்று எழுதின பேனருக்குக் கீழே, பெர்மனென்ட் இன்டர்வியூவுக்கு நிற்கிறவன் மகள். அந்த போட்டோவை நானே நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். உடனே அழித்தேன். அழித்து என்ன பிரயோஜனம்? அது அதற்குள் எந்தெந்த குரூப்புக்கெல்லாமோ போயிருந்தது.

திங்கட்கிழமை சைமன் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போனவன் வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்துவிட்டான். கான்ட்ராக்டர் துரைராஜ் கேட்டிலேயே நின்று பாஸை வாங்கி வைத்துக்கொண்டாராம். “உன் பொண்ணு ஃபாரின்ல போய் மைன்ஸ மூடச் சொல்லுது, நீ உள்ள வந்து இன்னாய்யா பண்ணப்போற? ஆபீஸ்ல கூப்பிட்டு விசாரிப்பாங்க, முடிச்சிட்டு வா” என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். டிபன் கேரியரைத் திறக்காமல் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

லூசி மகளைக் கூப்பிட்டுத் திட்டப் போனாள். அதற்கு மட்டும் அவன் எழுந்தான்.

“ஒண்ணும் சொல்லாத. அது அங்க சந்தோஷமா இருக்கட்டும்.”

ஆனால் ஷிஃப்ட் ஊரில் வளர்ந்த பிள்ளையிடம் எதையாவது மறைக்க முடியுமா? மறுநாள் ஜெனிஷா அம்மாவைக் கூப்பிட்டாள். வீடியோவில் பின்னால் சைமன் பனியனோடு உட்கார்ந்திருந்தான். “அம்மா, அப்பாவுக்கு இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்தானே? இந்நேரத்துல ஏன் வூட்ல இருக்காரு?” என்றாள். லூசி தலைவலி என்றாள், லீவு என்றாள், கடைசியில் போனை வைத்துவிட்டாள். அடுத்த நிமிஷம் எனக்கு வந்தது. எனக்குப் பொய் வராது. சொல்லிவிட்டேன்.

“நான்தான் ஆன்ட்டி, நான்தான்” என்று ஒரு தடவை சொன்னாள். அப்புறம் அவள் அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன்.

அங்கே மனோன் பயந்துபோய் என்னவென்று கேட்டிருக்கிறாள். இவள் அழுகையோடு அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டு அந்தப் பெண்ணுக்கும் அதிர்ச்சி. இவள் அப்பா சுரங்கத்தில் வேலை பார்க்கிறார் என்பதே அப்போதுதான் அவளுக்குச் சரியாகப் புரிந்திருக்கிறது. உடனே, இது அநியாயம், நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு உங்கள் கம்பெனிக்கு அனுப்புகிறோம் என்று கிளம்பிவிட்டாள். ஜெனிஷா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாளாம். அப்போதுதான் அவளுக்கு பிரெஞ்சு வந்தது. மனப்பாடம் பண்ணாமல், சொந்தமாக, அந்தப் பாஷையில் அவள் பேசின முதல் முழுப் பேச்சு அதுதான். “நீங்க அதை மூடணும்னு நிக்கறீங்க. எங்க அப்பா அதுக்குள்ள போகணும்னு பதினாறு வருஷமா நிக்கறாரு. தயவுசெஞ்சு ஒண்ணும் பண்ணாத.” மனோன் அந்த போட்டோவை மறுபடியும் எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த பேனர் படத்தைப் பற்றி ஒரு விஷயம் சொன்னாள்.

அதைக் கேட்டுத்தான் ஜெனிஷா எனக்கு அவசர அவசரமாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். “ஆன்ட்டி, அது நம்ம மிஷினே இல்லயாம். ஜெர்மனில இருக்கறதாம். அந்த பேனரும் அந்த ஊர் மைன்ஸப் பத்தினதுதானாம். அப்பாவ ஆபீஸ்ல அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க. ப்ளீஸ் ஆன்ட்டி.”

எனக்கு உயிர் வந்தது. என் வீட்டுக்காரர் துள்ளிக் குதித்தார். அதுவரை பிளாக்கில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலையை ஒட்ட வைத்த போட்டோ என்று சொல், என் மகளே இல்லை என்று சொல், மன்னிப்பு எழுதிக் கொடு, இப்படி. இப்போது எதுவும் தேவையில்லை. ஒரே ஒரு வரி, ‘அது நம்ம மிஷின் இல்லை.’ அதுவும் உண்மை. என் வீட்டுக்காரர் சைமனை உட்கார வைத்து நாலு தடவை சொல்லிக் கொடுத்தார். அவன் தலையாட்டினான். “யாருண்ணே சொன்னது ஜெர்மனின்னு?” என்று ஒரு தடவை கேட்டான். “எவன் சொன்னா உனக்கென்ன? நீ அதை மட்டும் சொல்லு” என்றார் இவர்.

வியாழக்கிழமை ஆபீசில் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் சங்கத்துக்காரர் என்ற முறையில் கூடவே போனார். அவர் சொன்னதைத்தான் சொல்லுகிறேன். அந்த ஆபீசர் நல்ல மனுஷன். விவரம் தெரிந்தவர், சைமனைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டி அவரே சொன்னார்.

“நான் பாத்துட்டேன். இது வெளிநாட்டு மிஷின். நம்மளுது இல்ல. சின்னப் பொண்ணு, தெரியாம நின்னுடுச்சு. அப்படித்தானே?”

அப்படித்தான் என்று சொன்னால் வேலை முடிந்தது. வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டாம், தலையாட்டினால் போதும். இன்டர்வியூ மறுவாரம்.

சைமன் போனை வாங்கிப் பார்த்தான். கரி ஏறின விரலால் படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

“நம்ம மிஷின்தாங்க சார்” என்றான்.

என் வீட்டுக்காரர் அவன் தொடையைக் கிள்ளியிருக்கிறார். ஆபீசர் சிரித்துக்கொண்டே, “இல்லப்பா, நல்லாப் பாரு. இதோட சக்கரம் வேற, கை வேற” என்றார்.

“இல்லீங்க சார். தெனம் பாக்கறவன் எனக்குத் தெரியாதா? நம்ம மிஷின்தான்.”

“அப்படின்னா நம்ம மைன்ஸ மூடச் சொல்லித்தான் உன் பொண்ணு நிக்குதா?”

“அவ மிஷினப் பாத்து நின்னா சார். எழுத்தப் பாத்து நிக்கல.”

ஆபீசருக்குச் சிரிப்புப் போய்விட்டது. வழி காட்டின மனுஷனையே எதிர்த்துப் பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்? போனை வாங்கி மேஜை மேல் வைத்தார். “சரி. இந்தத் தடவை வேண்டாம். அடுத்த தடவை பாக்கலாம்” என்றார்.

என் வீட்டுக்காரர் வண்டியில் வரும் வழியெல்லாம் கத்தியிருக்கிறார். வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. விஷயத்தைக் கேட்டு நான் விக்கித்துப்போனேன். லூசி போய்ப் படுத்துக்கொண்டாள். ஒரு மனுஷன் தன் வாயாலேயே தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வானா? அதுவும் பொய் சொல்லி! அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. மூன்று நாள் நான் அவனுக்கு டீ கொடுக்கவில்லை. ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு ஆள் போதவில்லை என்று துரைராஜே பாஸைத் திருப்பிக் கொடுத்தார். சைமன் மறுபடியும் பெல்ட்டுக்கு அடியில் போய் நின்றான். இன்டர்வியூ நடந்து முடிந்தது. அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் பெர்மனென்ட் ஆனார்கள், இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் வாங்கிச் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகுதான் ஜெனிஷா வந்தாள். மெலிந்திருந்தாள். சாயங்காலம் நானும் பின்பக்கம் போயிருந்தேன். பையிலிருந்து சில்வி கொடுத்த சாக்லேட்டை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போனவள் ரூமில் ஆள் இல்லை என்று லைட்டை அணைத்தாள், ஃபேனை நிறுத்தினாள், வெளியே வந்து வாசல் லைட்டையும் அணைத்தாள். அணைத்த பிறகுதான் தான் செய்தது அவளுக்கே தெரிந்தது போல இருந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது.

அப்பாவுக்கு முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“ஏம்ப்பா சொல்லல? நான்தான் மெசேஜ் அனுப்பினேனே. ஒரு வார்த்தை. ஏம்ப்பா?”

அன்றுதான் சைமன் மெதுவாகப் பேசி நான் கேட்டேன்.

“அந்த ஆபீசரு நல்லவருதான் பாப்பா. நம்மளுது இல்லன்னு சொல்லு, உள்ள வான்னாரு. பதினாறு வருஷமா நம்மளுது நம்மளுதுன்னு சொல்லிகினுதான் அந்தக் கரிய வாரினேன். இல்லன்னா எவன் வாருவான் அந்த வெயில்ல? நம்மளுது இல்லன்னு சொல்லிட்டுத்தான் பெர்மனென்ட் ஆவணும்னா, ஆயி இன்னா பண்றது?”

லூசி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இத்தனை நாளும் அவனை அறிவில்லாதவன் என்று நினைத்திருந்தேன்.

அவன் மகளைப் பார்த்தான். “நீ சொல்லு. அந்த ஊர்ல அதைப் பாத்ததும் ஓடிப்போய் நின்னியே, யாராவது சொல்லிக் குடுத்தா நின்ன? அது நம்ம மிஷின்தானே?”

அவளுக்கு உண்மை தெரியும். எனக்கு அனுப்பினதே அவள்தான். என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஆமாம்ப்பா” என்றாள். “நம்ம மிஷின்தான்.”

பிறகு எழுந்து போய், தான் அணைத்த வாசல் லைட்டைப் போட்டாள்.